நாற்பத்தேழாம் சோதனை

"நெத்தி வரைக்கும் வந்துச்சு. அப்புறம் நின்னுடுச்சுங்க," என்றாள் மனைவி போனில்.

கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து உண்டான முதல் குழந்தை. நேற்று ஸ்கேன் எடுத்தார்கள். படத்தை வீட்டிலிருந்தே போனில் இறக்கிக்கொள்ளலாம் என்று ஆஸ்பத்திரியில் ஒரு சீட்டு கொடுத்திருந்தார்கள். அந்தப் படங்களைக் கொடுக்கும் சர்வர் கணவர் வேலை பார்க்கும் கம்பெனியுடையதுதான். மாமனார் மதியம் ஊருக்குக் கிளம்புகிறார். அதற்குள் பேரப்பிள்ளையின் முகத்தை ஒருதரம் பார்த்துவிட வேண்டும் என்று காலையிலிருந்து மகள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

"இன்னொரு தரம் அழுத்து. நின்ன எடத்துலேருந்து தானா தொடரும். நம்ம சர்வர் அப்படி," என்று சொல்லிவிட்டுத் திரும்பினால், எதிரே திரையில் ஒரு சிவப்புக் கோடு.

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் சந்தேகம். மற்றவர்கள் எழுதிய புரோகிராம்களைச் சோதித்து ஓட்டை கண்டுபிடிப்பது அவர் வேலை. வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று தரம் இழுத்துப் பார்த்து, பஸ் ஸ்டாப் வரை போய், திரும்பி வந்து நாலாவது தரமும் இழுப்பவர். அப்பேர்ப்பட்ட மனிதர் இந்த உலகத்தில் கண்ணை மூடிக்கொண்டு நம்பியது ஒன்றைத்தான்: நாற்பத்தேழாம் சோதனை.

அதை எழுதியவர் இப்போதைய மேனேஜர். கிளையன்ட் என்பது சர்வரிடம் போய்க் கேட்டு வாங்கிவரும் புரோகிராம். அது ஒரு படத்தை வாங்கத் தொடங்கும். பாதியில் இணைப்பை வெட்டிவிடுவார்கள். பிறகு மிச்சத்தைக் கேட்கச் சொல்வார்கள். கிளையன்ட் 'முடிந்தது' என்றால் பச்சை. ஆறு வருஷமாகத் தினமும் பச்சை. மற்ற முன்னூறு சோதனைகளும் மழைக்காலத்துப் பிள்ளைகள் மாதிரி ஒன்று மாற்றி ஒன்று படுத்துக்கொள்ளும். இது மட்டும் ஒரு தும்மல் போட்டது கிடையாது. காலையில் வந்ததும் சந்தேகம் முதலில் அதைத்தான் பார்ப்பார். பார்த்தால் மனசுக்கு ஒரு தெம்பு.

இன்று காலை அந்தக் கிளையன்ட்டைப் புதிய பதிப்புக்கு மாற்றியிருந்தார்கள். நாற்பத்தேழு சிவந்துவிட்டது.

மேனேஜரிடம் போய்ச் சொன்னதும் அவர் நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

"நாப்பத்தேழா?" என்றார், குரலைத் தாழ்த்தி. "சர்வர் மேல பழி போடாதீங்க. அது தப்பே பண்ணாது. புதுசா வந்ததுதான் ஏதோ சேட்டை பண்ணுது."

சந்தேகத்துக்கும் அப்படித்தான் பட்டது. பழைய கிளையன்ட்டையே திரும்பப் போட்டார். நாற்பத்தேழு பச்சையானது, புதியதற்காகவே எழுதிய பதினொரு சோதனைகள் ஒரேயடியாகச் சிவந்தன. சரி, புதியது அவசரக் குடுக்கையாக இருக்கும், கொஞ்சம் பொறுமை கற்றுக்கொள்ளட்டும் என்று அதையே மறுபடி போட்டு, ஒவ்வொரு தரம் கேட்பதற்கு முன்னும் ஒரு நிமிடம் காத்திருக்கச் சொன்னார். பத்து நிமிடத்தில் முடிகிற சோதனைகள் நாளை மறுநாள் முடியும் என்று திரை அறிவித்தது. எல்லார் வேலையும் நின்றது. ஒவ்வொருவராக எழுந்து அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். திட்டத்தான் வந்தார்கள், சிவந்திருப்பது நாற்பத்தேழு என்று தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டு பார்த்தார்கள். நோயாளிகளின் போனுக்குப் பதில் சொல்லும் போன் அக்கா மட்டும் மூலையை விட்டு வரவில்லை. அவருக்கு எந்நேரமும் கை நிறைய வேலை.

இதற்குள் மனைவியிடமிருந்து மூன்று அழைப்பு. படம் நெற்றியைத் தாண்டவில்லை. மாமனார் பெட்டியைப் பூட்டிவிட்டார்.

அப்போதுதான் சந்தேகத்தின் புத்தி புல் மேயப் போனது. யார் கேட்டாலும் படத்தைச் சின்னச் சின்னத் துண்டாகக் கொடு என்று சர்வரில் ஒரு வரி சேர்த்து, சோதிக்காமல், தன் வாழ்நாளில் முதல் தடவையாகச் சோதிக்காமல், நேரே ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டார்.

"இப்போ நெத்தியும் போயிடுச்சுங்க," என்றாள் மனைவி. "வெறும் கறுப்பா இருக்கு. அப்பாவுக்கு வண்டி வந்துடுச்சு. நான் சீட்டுல இருக்கற நம்பருக்கே பேசிக்கிறேன்."

மூலையில் போன் அக்காவுக்கு அழைப்பு மேல் அழைப்பு வரத் தொடங்கியது. சந்தேகம் பதறிப்போய் அந்த வரியை நீக்கினார். வேறொன்றும் தோன்றாததால், அந்த அலுவலகத்தில் யாருமே செய்யாத காரியத்தைச் செய்தார்: புதிய கிளையன்ட்டோடு வந்த குறிப்பைப் படித்தார்.

ஏழாவது வரியில் இருந்தது. மிச்சத்தைக் கேட்டதற்கு எது வந்தாலும், ஒன்றுமே வராவிட்டாலும், பழைய பதிப்பு 'முடிந்தது' என்று சொல்லிவிடுமாம். அந்தப் பிழையைத் திருத்திவிட்டார்களாம். புதியது, கேட்டது வந்து சேர்ந்தால்தான் அப்படிச் சொல்லுமாம்.

மூன்று தரம் படித்தார். பழக்க தோஷத்தில் நாலாவது தரமும் படித்தார். பிறகு சர்வரின் புரோகிராமைத் திறந்து, மிச்சத்தைக் கொடுக்கும் பகுதியைத் தேடிப் பிடித்தார். அங்கே மேனேஜர் ஆறு வருஷத்துக்கு முன்னால் எழுதிவைத்த ஒரே வரி இருந்தது: 'இதை அப்புறம் எழுத வேண்டும்.'

இல்லாத ஒன்று ஆறு வருஷம் வேலை பார்த்திருக்கிறது. பாதியில் அறுந்துபோகாத இணைப்பு எங்கே இருக்கிறது? எத்தனை ஆயிரம் பேருக்குப் படம் நடுவில் நின்றிருக்கும்? ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து பேச்சுக்குக்கூட ஒரு புகார் வந்ததில்லை. மேனேஜரும் வந்து, தன் வரியைத் தானே படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார்.

போன் அடித்தது. மனைவிதான்.

"வந்துடுச்சுங்க. முழுசா. வெரல வாயில வச்சிருக்கு. அப்பா வண்டியில ஏறாம வாசல்லயே நின்னு பாத்துட்டிருக்கார்."

அடுத்த நொடி, தனக்கு வந்த மெயிலை அவள் அப்படியே அவர் போனுக்கும் அனுப்பினாள். நெற்றி, மூக்கு, உதடு, பட்டாணி அளவுக்கு மடக்கிய ஒரு கை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நிமிர்ந்து பார்த்தார். திரையில் நாற்பத்தேழு இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. சர்வர் இதைக் கொடுத்திருக்க வழியே இல்லை. அந்த மெயிலை மனைவிக்கு அனுப்பியவரின் முகவரியைப் பார்த்தார். அது இந்த அலுவலகத்து முகவரி.

மெல்ல மூலைக்கு நடந்தார். போன் அக்கா ஒரு கையால் அடுத்த படத்தைத் தேடியெடுத்து மெயிலில் இணைத்துக்கொண்டே, மறு கையால் நோட்டில் ஒரு எண்ணுக்கு நேரே டிக் போட்டார். மேஜைக்கடியில் எழுதி முடித்த நோட்டுகள் இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருந்தன. ஆறு வருஷத்து நோட்டுகள். சந்தேகம் குனிந்து ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். இதையெல்லாம் எதற்காகச் செய்கிறீர்கள் என்று கேட்டார்.

போன் அக்கா ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கினார்.

"இதென்ன கேள்வி தம்பி? படம் பாதியில நின்னா மிச்சத்த அனுப்பறதுக்கு நம்மகிட்ட ஒரு ஏற்பாடு இருக்குன்னு, நான் சேர்ந்த அன்னிக்கே மேனேஜர் சொன்னாரே, அது நான்தானே?"