மாப்பிள்ளையைத் திரும்ப அழைத்துக்கொள்

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது. இங்கே நான் நலம், என் மரம் வெட்டும் ஆட்கள் நலம், உன் வீட்டுக்காரர் எங்கள் எல்லோரையும்விட நலம். அதுதான் தொல்லையே.

"வேலையில்லாம வீட்டுல உட்கார்ந்திருக்கார், சேர்த்துக்கோண்ணே" என்று நீ கண்ணைக் கசக்கியதால் மாப்பிள்ளையைக் கிளை அரைக்கும் மெஷினில் நிறுத்தினேன். கிளையை அதன் வாயில் கொடுத்தால் அந்தப் பக்கம் தூளாகக் கொட்டும், அவ்வளவுதான் வேலை. இவரோ காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, சட்டையை உள்ளே விடு, மோதிரத்தைக் கழற்று என்கிறார், அதுவும் முதலாளியான என்னிடமே! நேற்று ஒருவனுடைய தொளதொள கையுறையைப் பிடுங்கிக் குப்பையில் போட்டார், பக்கத்து வீட்டு அம்மாள் வேடிக்கை பார்க்க வந்தார் என்று மெஷினையே நிறுத்தினார், அந்த அம்மாள் கோபித்துக்கொண்டு தன் மரத்தை வெட்டும் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார், சரி தொலையட்டும் என்று கடைசிக் குச்சிகளை நான் காலால் உள்ளே தள்ளினால், இத்தனை வருஷமா அப்படித்தானே தள்ளுறேன், மனுஷன் பாய்ந்து வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டார்.

"விடுங்க மாப்பிள்ளை, ஆளுங்க சிரிக்கிறாங்க!"

"சிரிக்கட்டும் மச்சான். அதுக்குக் கால் எது, கிளை எதுன்னு தெரியாது. நீளக் கொம்பால தள்ளுங்க."

அப்புறம் பொழுது சாயும்வரை மெஷினை நிறுத்தும் சிவப்புக் கம்பியில் கைவைத்துச் சிலையாக நின்றார். சிலைக்கா நான் சம்பளம் கொடுப்பது? ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏற்றி விடுகிறேன். கணக்கெழுதும் வேலை ஏதாவது பார்த்துக் கொடு. பேனா யாரையும் உள்ளே இழுக்காது.

நீயும் பிள்ளைகளும் குறைவில்லாமல் வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் பாவப்பட்ட அண்ணன்

பின்குறிப்பு: மேலே உள்ளதைப் படிக்காதே. அது காலையில எழுதினது. தபாலில் போடுறதுக்குள்ள வேலைக்குப் போனேன். மாப்பிள்ளை தண்ணி குடிக்கத் திரும்பின நேரம் பார்த்து, ஒரே ஒரு குச்சியைத்தான் காலால தள்ளினேன். பூட்ஸ் கயிறு அதுல மாட்டிக்கிச்சு. அப்படியே இழுத்துச்சு பாரு. மனுஷன் தண்ணிப் பாட்டிலோட வந்து கம்பி மேல விழுந்தார். மெஷின் நின்னுது. பூட்ஸ் முனை போச்சு. நடுத்தெருவுல என்னை உட்காரவச்சு, காலை மடியில எடுத்து விரலை எண்ணினார். அழுதுகிட்டே மறுபடியும் எண்ணினார். அஞ்சும் இருக்கு தங்கச்சி. இனி நீ கூப்பிட்டாலும் அவரை அனுப்ப மாட்டேன். நாளைக்குக் காலையில வரிசையில முதல் ஆளா நிக்கப் போறேன். என் மோதிரம் இந்தக் கவருக்குள்ளயே இருக்கு, பத்திரமா எடுத்து வை.