கடகடவா, லொடலொடவா?

காதுள்ளவர்கள் எல்லாரும் ஒரே ரகம் என்றா நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? இல்லை. காரில் புதிதாக ஒரு சத்தம் கேட்டால் முகம் மலர்கிற தனி இனம் ஒன்று உண்டு. நமக்கெல்லாம் மெக்கானிக்கின் பில் கண்முன் வந்து நிற்கும்; இவர்களுக்கோ சம்பந்தி வீட்டிலிருந்து நல்ல சேதி வந்த மாதிரி இருக்கும்.

வீட்டார் முதுகுக்குப் பின்னால் 'காதுக்காரர்' என்று சொல்கிற நம்முடைய ஆள் அந்த இனத்தில் அசல். வேலை என்னவோ காப்பீட்டு அலுவலகத்தில், கோப்புகளுக்கு நடுவில். ஆனால் எந்த வண்டியில் ஏறினாலும் முதலில் ரேடியோவை அணைப்பார், ஜன்னலை இறக்குவார், பேசிக்கொண்டிருப்பவரைக் கையமர்த்துவார், தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கண்ணை மூடுவார். வண்டியை ஓட்டுவது அவரே என்றாலும் மூடுவார்.

அன்றைக்குக் காலை பத்து மணிக்கு அவருடைய மகளுக்கு நேர்காணல். எட்டு மாதம் விண்ணப்பம் போட்டுப் போட்டு அலுத்தபின் வந்த முதல் அழைப்பு. போய்ச் சேர முக்கால் மணி நேரமாகும். எட்டரைக்கு வண்டியைக் கிளப்பினால், பானெட்டுக்குள் ஒரு சத்தம். வேறு அப்பா என்றால் பதறியிருப்பார். இவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

இரட்டைக்கிளவி பள்ளிக்கூடத்தோடு முடிந்துபோனது என்று யார் சொன்னது? சத்தத்துக்குச் சரியான இரட்டைச் சொல் கிடைக்காமல் இந்த இனத்தார் எதையும் தொடமாட்டார்கள். கீச்கீச் என்றால் பெல்ட், நறநற என்றால் பேரிங், லொடலொட என்றால் எங்கோ ஒரு போல்ட் தளர்ந்திருக்கிறது, கடகட என்றால் குடும்பத்தோடு பஸ்ஸில் போகவேண்டியதுதான்.

“கடகடன்னு வருது பாத்தியா?”

“கலகலன்னு வருதுப்பா,” என்றாள் மகள், கடிகாரத்தைப் பார்த்தபடி.

“கலகலவா? அது என்ன சிரிக்கவா செய்யுது?”

“டொக்டொக்குன்னு இல்ல கேக்குது?” என்று சமையலறை ஜன்னலிலிருந்து மனைவியின் குரல் வந்தது. அதற்குப் பதில் சொல்வது தன் தகுதிக்குக் குறைவு என்று, அவர் தம்பிக்குப் போன் போட்டார். தம்பியும் அதே இனம். போனை எஞ்சினுக்குப் பக்கத்தில் நீட்டிப் பிடித்தார்.

“அண்ணே, சுத்த லொடலொடண்ணே.”

“என் ஸ்பேனரச் சுட்டுட்டுப் போகத் தெரியுது, காது மட்டும் கேக்கலையா? கடகடடா!”

“நான் எந்த ஸ்பேனரண்ணே எடுத்தேன்?”

இருபது நிமிடம் வழக்காடி, 'லொடகட' என்ற சமரசத்துக்கு அண்ணனும் தம்பியும் வந்து சேர்ந்தார்கள். மகளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“உங்களுக்கு அந்தச் சத்தம் முக்கியமா, நான் முக்கியமாப்பா?”

அவர் ஒரு கணம் யோசித்தார். யோசித்திருக்கக் கூடாது.

சாவியைப் பிடுங்கி அவளே ஓட்டினாள்; இவர் ஓடிப்போய்ப் பக்கத்து இருக்கையில் தொற்றிக்கொண்டார். தெருக்கோடிப் பட்டறையில் மெக்கானிக் அம்மாள் நின்றிருந்தார். நாள் முழுக்கச் சத்தத்தில் நிற்கிறவர் என்பதால் இரண்டு காதிலும் பஞ்சு.

“இது கடகட ரகம்மா. ஆனா அடியில ஒரு லொடலொட ஓடுது...” என்று கத்தினார் காதுக்காரர்.

அம்மாள் ஒரு பக்கத்துப் பஞ்சை எடுத்தார். “கடைசியா வண்டியில யார் கை வச்சாங்க?”

“நான்தான். ஞாயித்துக்கிழமை. லேசா ஒரு கீச்கீச் இருந்துச்சு.” குரலில் பெருமை.

அம்மாள் எஞ்சினை அணைத்து, பேட்டரிக்குப் பின்னால் கையை விட்டு, ஒரு ஸ்பேனரை வெளியே எடுத்தார். பிடியில் நீல டேப். யாரும் தூக்கிக்கொண்டு போகாமலிருக்கக் காதுக்காரரே சுற்றிய டேப்.

நம்முடைய ஆளுக்கு முகம் செத்துவிட்டது. ஆனால் எவ்வளவு நேரம்? ஸ்பேனரை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

“நான் அப்பவே சொல்லல? இரும்பு மேல இரும்பு மோதுற சத்தம்னு?”

எப்போது சொன்னார்? யாரும் கேட்கவில்லை.

மிச்சத் தூரம் முழுக்க மகள் ஒவ்வொரு சிக்னலிலும் கடிகாரத்தைப் பார்த்தாள். அதைப் பார்க்க அவருக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. ஐந்து நிமிடம் முன்னதாகப் போய்ச் சேர்ந்தார்கள்.

“நான் திரும்பி வர்ற வரைக்கும் பானெட்டத் தொறக்கக் கூடாதுப்பா.”

“உன் மேல சத்தியமாத் தொறக்கமாட்டேன்மா.”

ஒரு மணி நேரம் கழித்து அவள் படியில் ஓடிவந்தாள். பானெட் திறந்திருந்தது.

“வேலை கெடச்சிருச்சுப்பா!”

“ஷ்... ஒரு நிமிஷம்மா. உய்யுய்யுன்னு ஒண்ணு கேக்குது பாரு.”

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் மேலே அந்தக் கடகடவும் லொடலொடவும் வந்த இடத்தில், எது பொருந்தும் என்று உதட்டுக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்தீர்களே, அதை நான் கவனிக்காமலில்லை. எதற்கும் உங்கள் ஸ்பேனர்களை ஒருமுறை எண்ணிப் பார்த்துவிடுங்கள்.