டென்டலுக்கு ஒரு பாதை இருக்கு

மெல்பேர்னில் நடக்கும் எந்தத் தமிழ்ப் பிறந்தநாளுக்கும் போய்ப் பாருங்கள். தேநீர் மேசைக்கும் வாசலுக்கும் நடுவில், வருகிறவரும் தப்பக்கூடாது போகிறவரும் தப்பக்கூடாது என்ற கணக்கில் போட்ட ஒரு பிளாஸ்டிக் கதிரையில், கையில் பாதி கடித்த கட்லட்டோடு ஒருவர் அமர்ந்திருப்பார். பார்வைக்குச் சாதுவானவர். யாருக்குப் பிறந்தநாள் என்பது அவருக்குத் தெரியாது. ஆனால் மண்டபத்திலுள்ள பதினாறு வயதுக்கு மேற்பட்ட எல்லாப் பிள்ளைகளின் மார்க்ஸும் தெரியும். இந்த இனத்துக்குப் பாதை அங்கிள் என்று பெயர். சிட்னியிலும் உண்டு. ஹரிஸ் பார்க்கில் ஜிலேபிக்கு வரிசையில் நிற்கும்போது, கதிரை இல்லாமலேயே தொழில் நடத்துவதைக் காணலாம்.

எந்தப் பாதை என்று கேட்கிறீர்களா? டென்டலுக்கான பாதைதான். மார்க்ஸ் நிறைய எடுத்த பிள்ளைகளில் இவருக்கு அக்கறை கிடையாது. அவர்கள் பாவம், நேரே போய்விடுவார்கள். முதல் டிகிரியில் சறுக்கிய பிள்ளையைப் பல் மருத்துவத்துக்குள் நுழைப்பதுதான் இவரது துறை. அப்படி ஒரு பிள்ளையின் பெயர் காதில் விழுந்ததும் கட்லட் தட்டுக்குத் திரும்பும், கதிரை அரை அடி முன்னுக்கு நகரும். பிறகு அந்த வசனம்:

"அதுக்கு ஒரு பாதை இருக்கு."

முதல் டிகிரியை மூடுவதற்கு அதன்மேல் இன்னொரு டிகிரி, அதைத் தூக்கி நிறுத்த ஒரு டிப்ளோமா, டிப்ளோமா பலிக்காவிட்டால் குயின்ஸ்லாந்தில் ஒரு வருடம், குயின்ஸ்லாந்து பலிக்காவிட்டால் நியூசிலாந்து, அதுவும் சரிவராவிட்டால் ஹங்கேரி. ஹங்கேரி எங்கே இருக்கிறது? அதெல்லாம் பாதை அங்கிளுக்குத் தேவையில்லாத விஷயம். பாதைதான் அவருடைய பொறுப்பு. ஊர், போய்ச் சேருகிறவனின் பொறுப்பு.

மாதிரிக்கு ஒருவரை எடுத்துக்கொள்வோம். கிரான்பர்னில் யேசுராசா அங்கிள் இருக்கிறார். மன்னாரில் நில அளவைத் திணைக்களத்தில் வேலை பார்த்தவர், இங்கே ஒரு களஞ்சியசாலையில் மேற்பார்வையாளர். ஞாயிறு பூசை முடிந்தபின் மாதா கோயில் மண்டபத்தில் ஆலோசனை வழங்குவார். பாதை விஷயத்தில் அவருக்கு மதபேதம் இல்லை. கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலின் கார் தரிப்பிடத்திலும் ஒரு கிளை உண்டு. அங்கேதான் ஈரோட்டுப் பழனிசாமி ஒருநாள் அகப்பட்டார்.

"சார், எங்க ஹரிப்பிரியாவுக்கும் டென்டல்தான் ஆசை. ஏழுக்கு ஆறு புள்ளி எட்டு வாங்கியிருக்கா. நேராப் போற வழி எதாவது இருக்கா சார்?"

அங்கிளின் முகம் வாடிவிட்டது. "நேராப் போறதுக்கு நான் என்னத்துக்குத் தம்பி?"

அவருடைய தகுதி என்ன என்று கேட்க யாருக்கும் துணிவு வந்ததில்லை. வரவும் தேவையில்லை. அவருடைய மகன் றொமேஷ் டென்டல் செய்கிறான். எங்கள் பேச்சில் படிப்பைப் படிப்பதில்லை, செய்வோம். ஒருவன் மெடிசின் செய்யிறான், வக்கீலாகப் போகிற ஒருத்தி லோ செய்யிறாள். ஆகவே, "என்ர மகன் டென்டல் செய்யிறான்" என்று அங்கிள் சொன்னதும் கேட்டவர்கள் மீதியைத் தாங்களே செய்துகொண்டார்கள். வெள்ளைக் கோட்டு, ஆள் படுத்திருக்கும் கதிரை, வாசலில் பெயர்ப்பலகை எல்லாவற்றையும். அங்கிள் ஒன்றும் செய்யவில்லை. தேநீர் குடித்தார், அவ்வளவுதான்.

அந்த மாதா கோயில் மண்டபத்துக்குத்தான் போன வருடம் ஞானமலர் அன்ரி தன் மகள் டிலக்சியை இழுத்துக்கொண்டு வந்தார். இழுத்துக்கொண்டு என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பிள்ளைக்கு வயது இருபத்துநாலு.

"எவ்வளவு பிள்ளை, ஜிபிஏ?"

"ஐந்து தசம் ஒண்டு, அங்கிள்."

"எத்தினைக்கு?"

"ஏழுக்கு."

கதிரை நகர்ந்தது. அங்கிள் கண்ணை மூடிக் கணக்குப் போட்டார். "அப்ப எழுபத்திமூண்டு வீதம்! ஊரில அது திறமான பாஸெல்லோ? ஏன் ஞானம் அழுகிறீர்?"

"அங்கிள், ஜிபிஏயை அப்பிடி வீதம் ஆக்கேலாது. ரெண்டாம் வருசம் கெமிஸ்ட்ரி பெயில். ரெண்டு தரம்."

ஞானமலர் அன்ரி சுற்றுமுற்றும் பார்த்தார். பெயில் என்ற சொல்லை இந்த மண்டபத்தில் சத்தமாகச் சொல்லும் வழக்கமில்லை. இங்கே பிள்ளைகள் பெயில் விடுவதில்லை. 'ஒரு பிரேக் எடுக்கினம்.'

நியாயமாகச் சொன்னால், டிலக்சி சும்மா இருந்தவள் அல்ல. டிகிரி முடிந்ததும் கிரான்பர்னில் ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளராகச் சேர்ந்து, இரண்டு வருடம் அடுத்தவர் வாய்க்குள் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நின்ற இடத்தில்தான் ஆசை வந்தது. அதற்குப் பிறகு ஒரு வருட டிப்ளோமா செய்து, அதே கெமிஸ்ட்ரியைத் திரும்பப் படித்து, எல்லாப் பாடத்திலும் உச்சப் புள்ளி எடுத்தாள். ஏழு இடத்துக்கு விண்ணப்பம் போட்டாள். ஆறு இடம் பழைய ஐந்து தசம் ஒன்றைப் பார்த்ததும் கதவைச் சாத்தின. வடக்கே, இரண்டரை மணித்தியாலத் தூரத்திலுள்ள ஒரு ஊரிலிருந்து மட்டும் நேர்முகத்துக்கு வரச்சொல்லிக் கடிதம். அதுவும் போய்விட்டால் இனிமேல் விண்ணப்பிப்பதில்லை என்று தாய்க்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

"இன்டர்வியூவில அந்தப் பெயிலைப் பற்றிக் கேப்பினம்," என்றார் அங்கிள். "அதுக்கும் ஒரு பாதை இருக்கு. கோவிட் எண்டு சொல்லு."

"கோவிட் வர முந்தியே அங்கிள் நான் ரெண்டாம் வருசம் முடிச்சிட்டன்."

"அப்ப குடும்பக் கஷ்டம். உன்ர பெரியப்பாவுக்கு ஹார்ட் அட்டாக் வந்ததெல்லோ?"

"அது போன மாசம்! நான் பெயில் விட்டது அஞ்சு வருசத்துக்கு முந்தி."

"ஹார்ட் ஒரு நாளிலயா பிள்ளை பழுதாகும்? உள்ளுக்க அப்பவே பழுதாகிக்கொண்டுதானே இருந்திருக்கும்?"

பெரியப்பா அடுத்த மேசையில் மூன்றாவது பற்றிஸைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் அனுமதி கேட்கப்படவில்லை.

நேர்முகம் காலை பதினொரு மணிக்கு. தகப்பனுக்கு வேலை, தாய்க்கு நெடுஞ்சாலை என்றால் நடுக்கம், பிள்ளையின் கார் கராஜில். "நான் கூட்டிக்கொண்டு போறன்" என்றார் அங்கிள். இப்படி ஒரு உதவியை யாரால் மறுக்க முடியும்? ஆறரைக்கே புறப்பட்டார்கள். டிலக்சி போனில் வழியைப் போட்டாள். போன் பெண்குரலில், நேரே போங்கள் என்றது.

"உவளுக்கு என்ன தெரியும்? போனை நிப்பாட்டு பிள்ளை. எனக்கு ஒரு குறுக்குப் பாதை தெரியும்."

ஒன்பதே முக்காலுக்கு அவர்கள் ஒரு கம்பி வேலிக்கு முன்னால் நின்றார்கள். பாதை அந்த வேலியோடு முடிந்திருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் நாற்பது ஐம்பது செம்மறி ஆடுகள் நின்று, நேர்முகத்துக்கு வந்த பிள்ளையை எடைபோடுவது போலப் பார்த்தன. டிலக்சியின் போனில் சிக்னல் இல்லை. அங்கிளின் போனில் இரண்டு கோடு இருந்தது. இப்படியான நேரத்தில் ஒரு தகப்பன் யாரைக் கூப்பிடுவான்? மகனைத்தான். காரின் ஸ்பீக்கரில் றொமேஷின் குரல் வந்தது.

"அப்பா, ஷோர்ட்டாச் சொல்லுங்கோ. கையில பல்லு."

"சொறி றொமேஷ் அண்ணா, எனக்குப் பதினொண்டுக்கு டென்டல் இன்டர்வியூ, போன் சொன்ன வழியை விட்டு வந்து ஒரு வேலியில நிக்கிறம்," என்றாள் டிலக்சி. "பேஷன்ட் இருக்கோ?"

"பேஷன்டா? இங்க ஏது பேஷன்ட்? நான் லாப்பிலயெல்லோ. மேல் பல்செட் ஒண்டு மெழுகில நிக்குது, பின்னேரம் குடுக்கோணும்."

டிலக்சி மெல்லத் திரும்பி அங்கிளைப் பார்த்தாள். அங்கிள் ஆடுகளைப் பார்த்தார்.

"அங்கிள், றொமேஷ் அண்ணா டென்டிஸ்ட் இல்லையா?"

"நான் ஒருநாளும் அப்பிடிச் சொல்லேல்லையே. டென்டல் செய்யிறான் எண்டுதானே சொன்னனான்? செய்யிறான்தானே?"

இலக்கணப்படி குற்றமில்லை. றொமேஷ் பல்லைத்தான் செய்கிறான். காலை எட்டு மணியிலிருந்து மாலை நாலு மணிவரை, வாய் இல்லாத பல்லுகளை.

ஸ்பீக்கருக்குள் றொமேஷ் சிரித்தான். "அப்பா இன்னும் அதையா சொல்லிக்கொண்டு திரியிறார்? அதை விடு. மார்க்ஸ் பற்றிக் கேட்டா என்ன சொல்லப் போறாய்?"

"பெரியப்பாவின்ர ஹார்ட்."

"ஐயோ! எனக்கு மாமாவின்ர கிட்னி. அப்பாதான் சொல்லித் தந்தவர். மூண்டு இன்டர்வியூவில சொன்னனான், மூண்டிலயும் இல்லை எண்டிட்டினம். குயின்ஸ்லாந்திலயும் சொன்னனான். ஹங்கேரிக்கும் எழுதிப் போட்டனான். நீ ஏன் உண்மையா பெயில் விட்டனி?"

"படிக்கேல்லை."

"ஏன்?"

"வொலிபோல்."

"அப்ப அதைச் சொல்லு. சரி, அப்பா, காரைத் திருப்புங்கோ. அந்தப் பிள்ளையின்ர போனில வந்த மனிசி என்ன சொன்னாவோ அதைச் செய்யுங்கோ."

இந்த இடத்தில் பாதை அங்கிளைப் பற்றி மேலே எழுதியதில் ஒரு திருத்தம் செய்யவேண்டியிருக்கிறது. போகாத பாதையை அடுத்தவருக்குக் காட்டுகிறவர் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். அப்படியல்ல. டிப்ளோமா, குயின்ஸ்லாந்து, நியூசிலாந்து, ஹங்கேரி, மாமாவின் கிட்னி, எல்லாப் பாதையிலும் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு கடைசிவரை போய், ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு கம்பி வேலியைக் கண்டு திரும்பி வந்தவர் அவர். வேலியைப் பற்றி மட்டும் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் மகன் பெயில் என்று ஆகிவிடுமே.

கார் திரும்பியது. சிக்னல் வந்த இடத்திலிருந்து ஒரு மணித்தியாலம் அங்கிள் போன்காரிக்குக் கீழ்ப்படிந்தார். போன்காரி சொன்ன வளைவில் வளைந்தார், நேரே என்றால் நேரே போனார். பதினொன்றுக்கு இரண்டு நிமிடம் இருக்க, கட்டடத்தின் வாசலில் இறக்கிவிட்டுச் சொன்னார்: "பிள்ளை, பெரியப்பாவை விட்டிடு."

உள்ளே நடந்ததை டிலக்சி தாய்க்குச் சொன்னாள்; தாய்க்குச் சொன்னது ஊருக்குத் தெரியும். மூன்று பேர் இருந்தார்களாம். நடுவில் இருந்த கண்ணாடிக்காரி மார்க்ஸ் தாளைத் தட்டி, இந்த இரண்டாம் வருடத்தில் என்ன நடந்தது என்று கேட்டாளாம். "நான் படிக்கவில்லை. வொலிபோல் ஆடினேன். இரண்டு தரம் பெயில் ஆனேன். பிறகு இரண்டு வருடம் ஒரு பல் வைத்தியருக்குப் பக்கத்தில் நின்றேன், அப்போதுதான் படிக்க ஒரு காரணம் கிடைத்தது. அதற்குப் பிறகு எடுத்த மார்க்ஸ் அடுத்த பக்கத்தில் இருக்கிறது." மூவரும் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்கள். கண்ணாடிக்காரிக்கு ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம்.

"வொலிபோலில் வென்றீர்களா?"

"இல்லை. இறுதி ஆட்டத்தில் தோற்றுப்போனோம்."

மூவரும் சிரித்தார்களாம். ஆறு வாரம் கழித்து இடம் கிடைத்த கடிதம் வந்தது. ஞானமலர் அன்ரி அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில், வேளாங்கண்ணி மாதா படத்துக்குக் கீழே ஒட்டினார்.

அடுத்த ஞாயிறு மண்டபமே அங்கிளைச் சூழ்ந்துகொண்டது. "அங்கிள்தானே பாதை காட்டினவர்!" என்று முதுகில் தட்டினார்கள். இந்த இனத்தின் இயல்புப்படி அவர் அதை ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். ஏற்றுக்கொண்டார், ஒரு கட்லட் அளவு. பிறகு விஜயா அன்ரி வழக்கம்போல விசாரித்தார். "உங்கட றொமேஷும் டென்டல் செய்யிறாரெல்லோ?"

ஞானமலர் அன்ரி தேநீர்க் கோப்பைக்குள் பார்வையை இறக்கினார்.

"ஓம்," என்றார் அங்கிள். கோப்பையை மேசையில் வைத்தார். "பல்லுச் செய்யிறான். லாப்பில. மெழுகில செய்து, பிறகு வார்த்து. போன கிழமை ஒரு தொண்ணூறு வயசு மனிசி அவன் செய்த பல்லால அப்பிள் கடிச்சவவாம். உங்கட மேல் பல்லும் ஆடுது போல கிடக்கு, விஜயா. அவனிட்டச் சொல்லட்டோ?"

விஜயா அன்ரி வாயை மூடிக்கொண்டார். அங்கிள் அன்று வேறு யாருக்கும் பாதை சொல்லவில்லை. திருந்திவிட்டார் என்று எழுத ஆசைதான். ஆனால் அதற்கடுத்த ஞாயிறு ஆரூரன் என்றொரு பையனின் நாலு தசம் எட்டு அவர் காதில் விழுந்ததையும், கதிரைக்கால் தரையில் கிரீச்சிட்டதையும் மறைக்க முடியாது. ஒரே ஒரு மாற்றம். "பாதை இருக்கு" என்றவர் கொஞ்சம் யோசித்து, "வேலியும் இருக்கு" என்றாராம்.

இவ்வளவையும் வாசித்து, இப்படியும் ஒரு பிறவியா என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நல்லது. ஆனால் ஒன்று கேட்கட்டுமா? மேலே டிலக்சி, ஏழுக்கு ஐந்து தசம் ஒன்று என்று சொன்னாளே, அந்த இடத்தில் உங்களுக்கு என்ன தோன்றியது? பாவம் என்றா? அல்லது, 'அட, இந்தப் பிள்ளை அடிலெயிட் பக்கம் முயற்சித்திருக்கலாமே, எங்கள் மச்சாளின் மகன் அப்படித்தானே' என்று ஒரு சின்ன யோசனையா?

பதில் வேண்டாம். உங்கள் கதிரை அரை அடி முன்னுக்கு வந்திருக்கிறது.