பொன்னாடைக்கு நின்ற கால்

மனிதர்களில் திறப்புவிழாக்காரர் என்றோர் இனம் உண்டு. வெயில், மழை, தேர்தல் எதுவும் இதை அழிப்பதில்லை. கையில் ஒரு கத்தரிக்கோலைக் கொடுத்துவிட்டால் போதும், கண்ணில் படுவதையெல்லாம் திறந்து வைத்துவிடும். திறந்த பிறகு உள்ளே என்ன நடக்கிறது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். சபையில் தகாத வார்த்தை பேசியவரைப் பார்ப்பதுபோல உங்களைப் பார்க்கும்.

இந்த இனத்தை முழு வளர்ச்சியில் காண வேண்டுமா? ராஜபாளையத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறி, செண்பகமலை மருத்துவப் பல்கலைக்கழகம் என்று கேட்டு இறங்குங்கள். அங்கே பேராசிரியர் அழகுராஜா இருப்பார். ‘ஆய்விலிருந்து ஆரோக்கியத்துக்கு’ என்ற பெருந்திட்டத்தின் இயக்குநர். ஆராய்ச்சியில் கண்டுபிடித்தது அலமாரியிலேயே தூங்காமல் நோயாளியிடம் போய்ச் சேர வேண்டும், அதற்குத்தான் திட்டம். நல்ல எண்ணந்தான், யார் இல்லை என்றது? மைக்கைப் பிடித்து அவர் அதைச் சொல்லும்போது அவருக்கே கண் கலங்கும். நடிப்பில்லை, நிஜமாகவே கலங்கும்.

திட்டத்துக்கு அறை ஒன்றுதான். அதை முதலில் மையமாகத் திறந்தார், அப்புறம் உயர் மையமாக, பிறகு ஒருங்கிணைந்த மையமாக, போன பொங்கலுக்குப் பிறகு பன்னாட்டு மையமாக. திறந்திருக்கும் அறையை எப்படி மறுபடி திறப்பது என்றுதானே கேட்கிறீர்கள்? விழாவுக்கு முந்தின வாரமே பூட்டிவிடுவார். உள்ளே மாட்டிக்கொண்ட மைக்ராஸ்கோப்பு வேண்டுமென்றால் விழா முடிகிற வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இப்படியிருக்கையில், அந்தப் பல்கலைக்கழகத்தில் தவறிப்போய் ஓர் ஆராய்ச்சி நடந்துவிட்டது. சர்க்கரை நோயாளிகளின் உள்ளங்கால் புண்ணை டாக்டர் நூர்பானு வருஷக்கணக்காகக் கவனித்து ஒரு முடிவுக்கு வந்தார். மருந்து ஒரு பக்கம் இருக்கட்டும், காலைத் தரையில் ஊன்றவே விடக் கூடாது. ஊன்றாதவர்களுக்குப் புண் ஆறியது. ஊன்றியவர்களில் சிலர் காலையே இழந்தார்கள்.

ஆறிக்கொண்டிருந்தவர்களில் தேவதானத்துக் கருத்தப்பாண்டியும் ஒருவர். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். புண் மூடும் தறுவாயில் இருந்தது. இனி ஒருமுறை பிளந்தால் கால் தங்காது என்று டாக்டர் அவர் மனைவி பெத்தம்மாளிடம் சொல்லியே இருந்தார். வீட்டிலும் அவர் கால் ஊன்றாமல் இருக்க ஒரு சக்கர நாற்காலி வேண்டும் என்று திட்டத்துக்கு எழுதிக் கேட்டார்.

அழகுராஜா ஆனந்தத்தில் எழுந்தே நின்றுவிட்டார். ஆராய்ச்சி முடிவு, அதற்கொரு நாற்காலி, அதில் உட்கார ஒரு மனிதர். இதைவிடத் திறப்பதற்கு என்ன வேண்டும்?

நாற்காலி வந்தது. அன்றே கருத்தப்பாண்டியிடம் கொடுத்திருக்கலாம் என்கிறீர்களா? உங்களுக்கு விவரம் போதாது. சிறப்பு விருந்தினரின் தேதி கிடைக்க வேண்டும், அழைப்பிதழில் யார் பெயருக்குக் கீழே யார் பெயர் என்ற தகராறு தீர வேண்டும், பால்கோவாவுக்குச் சொல்ல வேண்டும். எல்லாம் கூடி வந்த நாளில் அரங்கின் நடுவே நாற்காலி பளபளவென்று நின்றது. ஒரு கைப்பிடியிலிருந்து மறு கைப்பிடிக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன். பக்கத்தில், முதல் பயனாளி என்ற அட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு கருத்தப்பாண்டி. நின்றுகொண்டு.

“சார், அவரை உட்கார வைங்க” என்றார் நூர்பானு.

“எங்கம்மா வைக்கிறது? சோபா விருந்தினர்களுக்கு. பின்வரிசையில உட்கார்ந்தா கேமராவுக்குத் தெரிய மாட்டார்.”

“இந்த நாற்காலியிலயே உட்காரட்டும், சார். அவருக்குத்தான வாங்கினோம்.”

அழகுராஜாவுக்கு மூச்சே நின்றுவிட்டது. “திறக்காத நாற்காலியிலயா?”

விருந்தினரின் கார் கிருஷ்ணன்கோவிலில் கல்லூரி பஸ்களுக்கு நடுவே சிக்கிக்கொண்டதாக போன் வந்தது. போட்டோக்காரர் வெளிச்சம் பார்க்க வேண்டும், கொஞ்சம் நேராக நில்லுங்கள் என்றார். பட்டாளத்துக்காரரிடம் சொல்லக்கூடிய பேச்சா அது? கருத்தப்பாண்டி இரண்டு காலையும் ஊன்றி விறைப்பாக நின்றுவிட்டார்.

“ஏங்க, டாக்டரம்மா என்ன சொன்னாக? ஊனாதீக” என்றாள் பெத்தம்மாள்.

“சும்மா இரு புள்ள. பனியிலயே நின்னவன் நான். பொன்னாடைக்கு நிக்க மாட்டனா?”

அவள் குனிந்து பார்த்தாள். கால் கட்டில் ரத்தம் ஊறிக்கொண்டிருந்தது. முதல் வரிசையில் போய்ச் சொன்னாள். “செத்த நேரம் பொறும்மா, வந்துருவாரு” என்றார்கள். இரண்டாம் வரிசையில் சொன்னாள். அங்கேயும் செத்த நேரம். மூன்றாம் வரிசையில் ஒருவர் பால்கோவா டப்பாவைத் திறந்தபடியே அதையே சொன்னார்.

பெத்தம்மாள் திரும்பி வந்தாள். ரிப்பனைப் பல்லால் கடித்து அறுத்தாள். புருஷனைத் தோளைப் பிடித்து நாற்காலியில் அழுத்தி உட்கார்த்தி, வாசலைப் பார்த்துத் தள்ளினாள். நூர்பானு முன்னால் ஓடிக் கதவுகளைத் திறந்துவிட்டார். அந்தத் திட்டம் பிறந்த நாள் முதலாக ஓர் ஆராய்ச்சி முடிவு நோயாளியிடம் போய்ச் சேர்ந்தது அப்போதுதான்.

“தேவுடா” என்றார் அழகுராஜா. கால் என்னாகுமோ என்று அவர் நெஞ்சு பதறத்தான் செய்தது. ஆனால் எதைத் திறப்பது என்ற பதற்றம் அதை முந்திக்கொண்டது. வாசலில் கார்ச் சத்தம். ஓடிப்போய் சமையல்கூடத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்து நடுவே வைத்தார். ரிப்பனுக்கு எங்கே போவது? புண் கட்ட வைத்திருந்த கட்டுத்துணிச் சுருளை எடுத்துக் குறுக்கே கட்டினார்.

விருந்தினர் வெட்டினார். வெள்ளை ரிப்பன் புதுமையாக இருக்கிறதென்று பாராட்டவும் செய்தார். “பயனாளி எங்கே?” என்று கேட்டார்.

“குணமாகி வீட்டுக்குப் போயிட்டார், சார்.”

கைதட்டல் அடங்கச் செத்த நேரம் ஆயிற்று. பயனாளிக்கு வாங்கிய பொன்னாடையை நாற்காலிக்கே போர்த்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். அந்த நாற்காலிக்கு நான்கு காலும் நன்றாக இருந்தன.

கருத்தப்பாண்டிக்குப் புண் பிளக்கத்தான் செய்தது, ஆனால் பார்க்க வேண்டிய நேரத்தில் பார்த்ததால் கால் தப்பியது. ஆறிவிட்டது என்று நூர்பானு சொன்னபோது அழகுராஜா அழுதே விட்டார். கண்ணைத் துடைத்த கையோடு தேவதானத்துக்கு போன் போட்டார். தப்பிய காலுக்கு ஒரு பாராட்டு விழா, அய்யா வந்து மேடையேறி நாலு வார்த்தை பேச வேண்டும், கார் அனுப்பட்டுமா?

“வாரோம் சார்” என்றாள் பெத்தம்மாள். “செத்த நேரம் பொறுங்க.”

இன்னும் பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறார். அறையைப் பூட்டி வைத்திருக்கிறார்.

அழகுராஜாவை நினைத்துச் சிரித்தாயிற்றா? நல்லது. மூன்றாம் வரிசையில் பால்கோவா டப்பாவோடு ஒருவர் இருந்தாரே, அவர் யாரென்று பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டாம். உங்கள் மடியைப் பாருங்கள்.