டெனிஸ் மும்முறை மறுத்த படலம்

வாழ்க! பனி மூடிய ஒஸ்லோ மாநகரின் தென்கிழக்கு எல்லையில், ஹொல்ம்லியா என்னும் அடுக்குமாடிக் கோட்டைத் திரளில், நாலாம் மாடியைத் தனியொருத்தியாய் ஆளும் நங்கை வாழ்க! மன்னார் மண் ஈன்ற மாதரசி, முதியோர் இல்லத்துச் சலவைக்கூடத்தில் குன்றெனக் குவியும் போர்வைகளை நாள்தோறும் பொருது வீழ்த்தும் தடந்தோளி, கிளெமென்றின் இல்லக்கிழத்தி மரியரஞ்சனி வாழ்க! அவள் மணிவயிற்றில் உதித்த ஒன்பது வயதுச் செம்மல், சோபா என்னும் அரியணையில் மல்லாந்து வீற்றிருந்து விளையாட்டுப் பெட்டியின் பொத்தான்களை இரு கட்டைவிரல்களாலும் ஓயாது வதைக்கும் டெனிஸ் என்னும் குமரனும் வாழ்க! சொல்லப் புகுவது ஒரு வணக்கத்தின் கதை. வீட்டுக்கு வந்தவர்களைத் தன் பிள்ளை எழுந்து நின்று வரவேற்க வேண்டும் என்பதற்காக ஒரு தாய் பட்ட பாட்டின் கதை. இதைவிட அற்பமான காரணங்களுக்காகப் பேரரசுகளே கவிழ்ந்திருக்கின்றன என்று எழுதக் கை துடிக்கிறது. உதாரணம் ஒன்றும் நினைவுக்கு வராததால் மேலே செல்வோம்.

இப்பெரும்போருக்கு வித்திட்டது இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டின் இலையுதிர்காலத்து ஞாயிறு ஒன்று. அன்று திராமன் நகரிலிருந்து ரயிலேறி வந்தான் கிளெமென்றின் உயிர்த்தோழன் யேசுரட்ணம். அவனருகே நிறைமாத வயிற்றோடு அவன் துணைவி, சொல்லம்பு தொடுப்பதில் இணையற்ற தீவகத்து வீராங்கனை அனஸ்ரேசியா. அவ்விருவரும் பனிச்சப்பாத்தைக் கழற்றிவிட்டு மண்டபத்துள் அடியெடுத்து வைத்த வேளையில், பள்ளியில் தலைமையாசிரியரையே பேர் சொல்லி அழைத்துப் பழகிய நம் குமரன், அரியணையில் கிடந்தவாறே, பொத்தான் வதையை ஒரு கணமும் நிறுத்தாமல், நோர்வே நாட்டு முறைப்படி திருவாய் மலர்ந்தான்.

"ஹை, யேசு!"

மண்டபம் அதிர்ந்தது. சுவரில் தொங்கிய திருஇருதயப் படம் ஒருபுறம் சாய்ந்தது என்பர் சிலர். அது முன்பே சாய்ந்துதான் இருந்தது. அனஸ்ரேசியா தன் நாவில் நாணேற்றினாள்.

"ரஞ்சி, கர்த்தரைச் சோபாவிலை படுத்துக்கொண்டு கூப்பிடுற பிள்ளையை நான் இண்டைக்குத்தான் காணுறன்."

அம்பு நெஞ்சில் தைத்தது. தைத்த இடம் சாதாரண இடமன்று. பிறக்கவிருக்கும் தன் குழந்தைக்கு ஞானஸ்நானத்தின்போது ஞானத்தாயாக நிற்கத் தகுந்தவளைத் தேடிக்கொண்டிருந்தாள் அனஸ்ரேசியா. களத்தில் இருவர்: ஒருத்தி நம் மரியரஞ்சனி, மற்றவள் மெட்ரோப் பாதை முடிகிற வெஸ்ட்லியில் வாழும் ராசமலர், வாசல்மணி அடித்தால் கைகூப்பியபடி ஓடிவரும் இரு பெண்மக்களை வளர்த்துவைத்திருப்பவள். மரியரஞ்சனிக்குப் பெண்பிள்ளை இல்லை. இனி இல்லை என்று வைத்தியரும் சொல்லியாயிற்று. சில நாட்களில் அனஸ்ரேசியாவுக்கு மகள் பிறந்தாள்; மூன்றாம் நாள், திராமன் ஆஸ்பத்திரியில் அந்தச் சிசுவைக் கையில் வாங்கிய மரியரஞ்சனி, திருப்பிக் கொடுக்க மனம் வராமல் யன்னல் பக்கம் போய் நின்றாள். ஏளனத்துக்கென்றே பேனா எடுத்த எனக்கும் அந்த இடத்தில் மட்டும் கேலி வரவில்லை.

பெற்ற பிள்ளையை வளர்க்கத் தெரியாதவளுக்கு ஊரார் பிள்ளையை நம்பி யார் கொடுப்பார்? ஆகவே படை திரட்டப்பட்டது. முதலில் அன்பால் முயன்றாள். "இக்கே நோ, அம்மா" என்றான் குமரன், இப்போது முடியாது என்பதைத் தான் பிறந்த நாட்டின் பாஷையில். அடுத்து அதட்டினாள், பிள்ளையை அதட்டலாகாது என்று பள்ளியிலிருந்து வந்த துண்டுப்பிரசுரத்தைக் காட்டினான். தந்தையை ஏவினாள், கிளெமென்ற் தொலைக்காட்சியில் பனிச்சறுக்குப் பார்த்துக்கொண்டிருந்தபடியால் "ஓம் ஓம், சொல்லுறன்" என்றதோடு படையிலிருந்து விலகிக்கொண்டான்.

இவ்வாறு நாற்றிசையும் அடைபட்டு நின்ற வேளையில்தான், நத்தார்ப் பலகாரத் தட்டோடு மேல்மாடிக்கு ஏறியவள் அந்த அதிசயத்தைக் கண்டாள். அங்கு வாழ்ந்த சீனத்து மாது திருமதி சென்னின் பிள்ளைகள் இருவரும், அயல்வீட்டுப் பெண்ணொருத்தி அரைத்தட்டு முறுக்கோடு வந்ததற்காகத் துள்ளியெழுந்து, நிரையில் நின்று, தலைதாழ்த்தி, தம் மொழியில் அவளை அத்தை என்று அழைத்து, தேநீர்க் கிண்ணத்தை இரு கைகளாலும் ஏந்தி நீட்டினார்கள்! மரியரஞ்சனி அங்கேயே விழுந்தாள். அதாவது, கதிரையில் இருந்தாள். தமிழ் முறை சொல்லித்தான் மகன் கேட்கவில்லை. சீன முறையைக் கராத்தேக்கு அண்ணன் தம்பி என்று சொன்னால் கேட்பான் என்ற போர்த்தந்திரம் அக்கணமே அவள் மதியில் மின்னியது. அந்தப் பொய்யைக் கேட்ட டெனிஸ் உண்மையிலேயே பொத்தானை விட்டான்.

அன்று முதல் சனிதோறும் மேல்மாடியே குருகுலமாயிற்று. விருந்தினர் வாசலில் தோன்றுமுன் எழுதல். முதலில் மூத்தவரை, பின்பு அடுத்தவரை முறை சொல்லி அழைத்தல். கிண்ணமானாலும் காகிதமானாலும் இரு கையால் கொடுத்தல், இரு கையால் வாங்கல். பெரியவர் கைவைக்குமுன் உணவைத் தீண்டாமை. விடைபெறுவோரை லிப்ட் வரை சென்று அனுப்பி, கதவு மூடும்வரை அங்கேயே நிற்றல். இவ்வனைத்தினும் தலையாயதென ஓர் அஸ்திரத்தைத் திருமதி சென் இறுதியாக உபதேசித்தாள். விருந்தினர் பரிசு நீட்டினால் பாய்ந்து வாங்குவது பசித்த பிள்ளையின் குணம். ஒருமுறை மறுக்கவேண்டும், இன்னும் பணிந்து மறுமுறை மறுக்கவேண்டும், மூன்றாம் முறையும் மறுக்கவேண்டும். அதன்பின்பும் அவர் வற்புறுத்த, தாய் தலையசைத்த பின்னரே இரு கையால் பெறவேண்டும். "கொடுப்பவர் நிச்சயம் வற்புறுத்துவாரா?" என்று மரியரஞ்சனி நோர்வேஜிய மொழியில் வினவினாள். "வற்புறுத்தாத மனிதரும் உண்டா?" என்று வியந்தாள் சீனத்து மாது. நியாயமான கேள்விதான். திராமனுக்கு அவள் போனதில்லை.

மாசி மாதத்து ஞாயிறொன்றில், பூசை முடிந்த கையோடு, போர்முரசு வாசல்மணியாய் ஒலித்தது. குழந்தையை மார்பில் கட்டிய யேசுரட்ணமும், கையில் துணிப்பையோடு அனஸ்ரேசியாவும் உட்புகுந்தனர். நின்றான் டெனிஸ்! கூட்டிய குதிகால், தாழ்த்திய சிரம், எண்ணெய் பூசி வாரிய முடி.

"யேசுரட்ணம் மாமா, வாங்கோ. அனஸ்ரேசியா மாமி, வாங்கோ. தங்கச்சிப் பிள்ளையும் வாங்கோ."

கைக்குழந்தைக்கும் முறை தவறாது வரவேற்பு! யேசுரட்ணம் பின்னால் வேறு யாரும் நிற்கிறார்களோ என்று திரும்பிப் பார்த்தான். கிளெமென்ற் தொலைக்காட்சியை அணைத்தான். அவ்வீட்டு வரலாற்றில் ஞாயிற்றுக்கிழமை அது நிகழ்ந்ததில்லை. தேநீர்க் கோப்பையை இரு கையாலும் ஏந்தி, கம்பள விரிப்பென்னும் பெருங்கடலை ஒரு துளியும் சிந்தாமல் கடந்து, மாமியின் முன் குமரன் குனிந்து நின்றபோது, அனஸ்ரேசியாவின் கண் கலங்கிவிட்டது. அம்புக்கூடு வெறுமையாயிற்று. அவள் கணவனைப் பார்த்தாள், கணவன் தலையசைத்தான். ராசமலரின் கதை அந்தக் கணத்தில் முடிந்தது.

முடிந்திருக்கவேண்டும். ஆனால் அனஸ்ரேசியாவின் தீவகத்துக் குடும்பத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஞானத்தாயாக நிற்கும்படி வாய்விட்டுக் கேட்பதில்லை. கேட்டு மறுத்தால் இரு பக்கமும் முகம் முறியுமே! ஆகவே ஒரு சேலையைப் பொதிசெய்து, அந்த வீட்டு மூத்த பிள்ளையின் கையில் கொடுப்பார்கள். வாங்கினால் சம்மதம். வாங்காவிட்டால் இல்லை, அதன்பின் ஒருவரும் அதுபற்றிக் கதைப்பதில்லை. மன்னாரில் பிறந்த மரியரஞ்சனிக்கு இந்த வழக்கம் தெரியாது. பொதியைக் கண்டதும் மகனுக்குச் சொக்கலேற் என்று நினைத்துக்கொண்டாள்.

"தம்பி, இதைப் பிடியுங்கோ," என்று பொதியை நீட்டினாள் அனஸ்ரேசியா.

வந்தது அஸ்திரப் பிரயோகத்தின் நேரம்!

"வேண்டாம் மாமி, உங்களுக்கு ஏன் வீண் சிரமம்," என்றான் மாவீரன்.

குசினி வாசலில் நின்ற மரியரஞ்சனியின் மார்பு விம்மிற்று. அனஸ்ரேசியா சிரித்தபடி மீண்டும் நீட்டினாள். "சிரமம் ஒண்டுமில்லை. வாங்கி அம்மாட்டைக் குடுங்கோ."

"இல்லை மாமி. நாங்கள் இதுக்குத் தகுதியில்லாத ஆக்கள்."

இது திருமதி சென் கற்பித்த பணிவுரையின் நேரடித் தமிழாக்கம். முதல்நாள் முழுவதும் தாயும் மகனும் இருந்து பாடமாக்கியது. அனஸ்ரேசியாவின் சிரிப்பு சுருங்கியது. மூன்றாம் முறையும் பொதியை நீட்டினாள். டெனிஸ் இரு உள்ளங்கைகளையும் பொதியின்மேல் பதித்து, இடுப்புவரை வளைந்து, மெல்ல, மரியாதையாக, உறுதியாக, அதைத் திருப்பித் தள்ளினான்.

"வேண்டவே வேண்டாம் மாமி."

மூன்று! மும்மறுப்பும் முற்றுப்பெற்றது! இனி நாலாவது வற்புறுத்தல். அதன்பின் தன் தலையசைப்பு. மரியரஞ்சனி கழுத்தைத் தயாராக வைத்துக்கொண்டு, பூரித்த முகத்தோடு காத்திருந்தாள். அனஸ்ரேசியாவோ திராமனில் பாலர் நிலையமொன்றில் வேலை செய்பவள்; பிள்ளை வேண்டாமென்றால் அந்தக் கணமே கையை எடுத்துவிடவேண்டும் என்று பத்து வருடமாகப் பிறருக்குப் பாடம் எடுப்பவள். ஒருமுறை அதிகமாகவே கேட்டுவிட்டோம் என்று அவளுக்குக் கூசியது. நிமிர்ந்து பார்த்தாள். வாசலில் தாய் சிரித்துக்கொண்டு நின்றாள்.

"இது... அம்மாவுக்கும் தெரியுமோ தம்பி?"

"ஓம் மாமி," என்றான் பொய்யறியாச் செம்மல் பெருமிதத்தோடு. "அம்மாதான் இப்பிடிச் சொல்லச் சொன்னவ."

பொதி பைக்குள் மீண்டது. தேநீரோடு வைத்த றோல்ஸ் என்னும் பலகாரத்தைப் பாதி கடித்த யேசுரட்ணத்துக்குத் திடீரென்று ரயில் நேரம் நினைவுக்கு வந்தது. குழந்தைக்குச் சட்டை மாட்டும்போது அனஸ்ரேசியா ஒன்றும் பேசவில்லை. பேசாத அனஸ்ரேசியாவை அதற்குமுன் கண்டவரில்லை. பண்பைக் கண்டு வாயடைத்துப்போய்விட்டாள் என்று கணவனிடம் கிசுகிசுத்தாள் மரியரஞ்சனி. வென்ற குமரன் லிப்ட் வரை சென்று, கதவு மூடும்வரை தலைதாழ்த்தி நின்று, வாகை சூடி மீண்டான். அவனை வாரியணைத்து உச்சிமோந்து, சிசுவுக்கு வெள்ளைச் சட்டை பின்னுவதற்கென்று மறுநாளே கடைக்குப் போய் நூல் வாங்கினாள் அந்த வெற்றித் திருமகள்.

ஞானஸ்நானத்துக்கு ஞானத்தாயாக வெஸ்ட்லி ராசமலர்தான் நின்றாள், சேலை அவளுக்கு நல்லாய் இருந்ததாம்.