மாசிமக வீடியோவும் உங்கள் மாப்பிள்ளையும்

முதலியார்பேட்டை,
புதுச்சேரி.
மே 2007

அன்பும் மரியாதையும் நிறைந்த அண்ணன் ஜானகிராமன் அவர்களுக்கு,

தங்கை ஆதிலட்சுமி வணங்கி எழுதுவது. அங்கே நீங்களும் அண்ணியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உடம்பளவில் எல்லாரும் சௌக்கியம். உங்கள் மாப்பிள்ளையின் மானம்தான் கொஞ்ச நாள் படுத்துக் கிடந்து, இப்போது எழுந்து உட்கார்ந்திருக்கிறது.

மாசிமகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் போயிருந்தோம். சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்த நேரம், கூட்டம் நெருக்கியதில், காவலுக்கு நின்ற ஏட்டு இராமதாஸ் தலைகுப்புற அலையில் விழுந்துவிட்டார். எழுந்த வேகத்தில், பின்னால் நின்ற உங்கள் மாப்பிள்ளையைப் பிடித்து, "நீதான்யா தள்ளுன!" என்று ஸ்டேஷனுக்கே கூட்டிப் போய்விட்டார். அண்ணா, கொசுவைக்கூட 'போ, போ'ன்னு வாயால சொல்ற மனுஷன் அவரு! பள்ளிக்கூடத்துல பியூன் வேலை. ராத்திரி வீட்டுக்கு விட்டாங்க, ஆனா விசாரிச்சுக் கேஸு போடுவோம்னுட்டாங்க. கேஸுன்னு ஒண்ணு பதிவானா சஸ்பெண்டுதான். எனக்குச் சோறே இறங்கல.

அப்பதான் ஞாபகம் வந்துச்சு, ஒரு போலீஸ்காரர் கூட்டத்தை வீடியோ எடுத்துக்கிட்டே இருந்தாரு. தகவல் உரிமைச் சட்டம்னு புதுசா ஒண்ணு வந்திருக்குன்னு மகளிர் குழுவுல சொல்லியிருந்தாங்க. உடனே அந்த வீடியோவக் கேட்டு மனு போட்டேன். "பாதுகாப்பு விஷயம், தர இயலாது"ன்னு பதில் வந்துச்சு. விடுவேனா? மேல்முறையீடு போட்டேன். நிர்மலாதேவின்னு பெரிய அதிகாரி கூப்பிட்டாங்க. "ஏம்மா, இது என்ன கல்யாண கேசட்டா, கேட்டவங்களுக்கெல்லாம் குடுக்க?"ன்னாங்க. "கல்யாண கேசட்னா நானே வாணாம்னுடுவேன் மேடம். இது எங்க மூஞ்சியத்தான எடுத்தீங்க, எங்களுக்குக் காட்டினா என்ன?"ன்னேன். சிரிச்சுட்டாங்க. "வந்து பாருங்க, சிடியும் அனுப்பச் சொல்றேன்"னாங்க.

போனோம். சின்ன டிவி, படம் வேற ஆடுது. பாதி நேரம் பஜ்ஜிக் கடையையே எடுத்து வச்சிருக்காரு, பாவம், பசி போல. அப்புறம் படத்துல ஏட்டு வந்தாரு, அவருக்குப் பின்னாடி உங்க மாப்பிள்ளை. ஏட்டு விழறாரு. உங்க மாப்பிள்ளைக்கு அந்தக் கையில ஒரு பஞ்சுமிட்டாய், இந்தக் கையில ஒரு பஞ்சுமிட்டாய், வாய் பூராவும் ரோஸ் கலரு! தள்றதுக்குக் கை ஏது? "இன்னொரு வாட்டி போடுங்க மேடம்"னு எங்ககூட உக்காந்து பார்த்த ஏட்டே கேட்டு, தான் விழறதப் பார்த்துத் தானே வயித்தப் புடிச்சிகிட்டுச் சிரிச்சாரு. "மன்னிச்சுக்குங்க சார்"னு இவரு கையையும் புடிச்சாரு. கேஸு போச்சு! ஆனா சக்கரை வியாதிய வச்சிகிட்டு எனக்குத் தெரியாம தின்னாரு பாருங்க, போலீசு விட்டாலும் நான் விடல. வீட்டுல விசாரணை இன்னும் நடக்குது.

அண்ணிக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி. கடலாடிப் போன சாமியெல்லாம் உங்கள் வீட்டுப் பக்கமும் ஒரு பார்வை பார்க்கட்டும்.

இப்படிக்கு,
பாசமுள்ள தங்கை,
ஆதிலட்சுமி

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போட மறந்துவிட்டேன். அதுக்குள்ள சிடி வந்துடுச்சு. பக்கத்து வீட்டுக் குஞ்சம்மாவோட பெரிய டிவியில போட்டுப் பார்த்தோம். ஓரத்துல ஒரு ஊதாப் புடவை, கேமராவுக்குக் கையாட்டுறேன்னு சட்டுனு திரும்புது. திரும்பின வேகத்துல இடுப்பு போயி ஏட்டு மேல மோதுது. பொங்கலுக்கு நீங்க எடுத்துக் குடுத்த புடவைதாண்ணா அது. குழுவுல எல்லாருக்கும் காட்டணும்னு குஞ்சம்மா தனக்கொரு சிடி கேட்டு மனு போட்டிருக்கா. படத்துல நாங்க இருக்கறதால எனக்கு ஆட்சேபணை உண்டான்னு ஆபீஸ்லேருந்து கேட்டிருக்காங்க. "தனிப்பட்ட விஷயம், எக்காரணம் கொண்டும் தரக் கூடாது"ன்னு எழுதிக் குடுத்துட்டேன்.