மூன்று ஞாயிறாகச் சிக்காத மஞ்சள் தொண்டைச் சின்னான்

வெள்ளக்கடை,
செவ்வாய்க்கிழமை.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை ஜெயபிரகாஷ் அவர்களுக்கு, மாமனார் மாதேஸ்வரன் எழுதிக்கொண்டது. இங்கே நான், உங்கள் அத்தை பூவாயி, மாடு, நாய் எல்லோரும் சௌக்கியம். சேலத்தில் நீங்களும் எங்கள் மகள் பாப்பா தீபிகாவும் அப்படியே இருக்க வேண்டும். போனில் சொன்னால் பாப்பா குறுக்கே பேசும் என்பதால் கடிதம்.

நீங்கள் போட்டோ எடுக்கத் தேடும் மஞ்சள் தொண்டைச் சின்னான் குருவி விஷயமாக மன்னிப்புக் கேட்கவே எழுதுகிறேன். முதல் ஞாயிறு கரட்டுக் குன்றின்மேல் ஒரு மணி நேரம் பாறைக்குப் பின்னால் மூச்சு விடாமல் குப்புறப் படுத்திருந்தீர்கள், குருவியும் ஒரு சத்தம் கொடுத்தது, அந்த நேரம் பார்த்து மணி ஏழாகிவிட்டது, நான் விசிலை ஊதிவிட்டேன். காப்பி எஸ்டேட் ரைட்டராக முப்பத்தோரு வருஷம் ஏழு மணிக்கு ஆட்களை வேலைக்கு இறக்க ஊதிய வாய், ரிட்டயர் ஆனது அதற்குத் தெரியவில்லை. இரண்டாம் ஞாயிறு, ஒரு கை கூடட்டுமே என்று காப்பிக்கொட்டை எடுக்கும் ஆட்கள் நாலு பேரைக் கூட்டிவந்து, தோட்டத்தில் விடுகிற மாதிரியே ஆளுக்கொரு நிரையாக வரிசை பிரித்துக் கொடுத்து புதருக்குள் இறக்கினேன். அவர்கள் போட்ட பேச்சில் கரட்டில் ஓணான்கூட மிஞ்சவில்லை. அவர்களில் ஆராயி வேறு உங்களிடம், "ஏனுங்க, இத்துனூண்டு குருவிய எத்தன பேருக்குங்க கொழம்பு வெக்கறது?" என்று கேட்டுவிட்டாள். மூன்றாம் ஞாயிறு நான் காட்டிய மஞ்சளை நீங்கள் நாற்பது போட்டோ எடுத்தீர்கள், அது யாரோ தின்றுவிட்டுப் போட்ட மாம்பழத்தோல்.

அப்போதும் நீங்கள் கோபப்படவில்லை. "பரவாயில்லைங்க மாமா, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றீர்கள். எனக்கு நொம்பச் சந்தோஷமாகிவிட்டது. கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் தீபாவளிக்கும் ஆடிக்கும் மட்டும் வந்தவர்கள், இப்போது வாராவாரம் வருகிறீர்கள். பாப்பாவும் மத்தியானம் வரை அம்மா பக்கத்தில் படுத்துத் தூங்குகிறது. வரும் ஞாயிறும் வாருங்கள், கரட்டின் அந்தப் பக்கம் தேடலாம். கோழி தயார்.

உங்கள் இருவருக்கும் கரட்டுச் சாமி நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுசு கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
மாதேஸ்வரன்

பின்குறிப்பு: இதை உங்கள் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். "ஏனுங்க, மாப்பிள்ளைக்கே பொய்ய எழுதி அனுப்புவீங்களா?" என்று கவரைப் பிடுங்கிவிட்டாள். ஆகையால் உண்மை. அந்தக் குருவி ஜோடியாக நம் ஊட்டுக்குப் பின்னால் உண்ணிச்செடிப் புதரில்தான் இருக்கிறது. நீங்கள் கோழிக்குழம்பு சாப்பிட்ட மூன்று ஞாயிறும் ஜன்னலுக்கு வெளியே பழம் தின்றுகொண்டிருந்தது. அத்தை ஜன்னலைச் சாத்தியது வெயிலுக்காக அல்ல. நான் விசில் ஊதியதும் பழக்கத்தில் அல்ல. மாம்பழம் தின்றதும் நான்தான். குருவியைப் பார்த்துவிட்டால் அப்புறம் எதற்கு வருவீர்கள் என்று எங்கள் இருவருக்கும் பயம். இந்த ஞாயிறு ஜன்னல் திறந்திருக்கும், நிதானமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் இன்னும் பார்க்காத குருவி வேறு ஏதாவது இருந்தால் பேரை மட்டும் எழுதுங்கள். அது எங்கள் கரட்டில்தான் இருக்கிறது.